நல்ல தண்ணிக் கிணறு

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் எங்களை ஆளுக்கொரு திக்காகப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எனக்குக் கிளிநொச்சி நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் கிடைத்தது. பூநகரிப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. எந்தக் கிணறு குடிக்க உதவும், எது உதவாது என்று பார்த்துப் பிரிப்பது அவர்களுடைய வேலை. நான் விவசாயம் படித்தவள். நீர் பற்றிய பாடத்தில்தான் எனக்கு எப்போதும் நல்ல புள்ளி. அந்த இடத்தை நான் விரும்பிக் கேட்டு வாங்கினேன்.

முதல் நாள் காலையில் பொறுப்பாளர் தன் அறைக்குள் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். அவருக்கு முன்னால் கதிரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். என் வயதுதான். நீளப் பாவாடை கட்டி, தலைமயிரைப் பின்னி விட்டிருந்தாள். மடியில் தண்ணீரின் உப்பை அளக்கும் மீட்டரின் பெட்டி.

"இவா ஐரோப்பாவில இருந்து வந்திருக்கிறா. உம்மை மாதிரித்தான், பயிற்சிக்கு. நீர் இவாவோட போம். இவா கேக்கிறதைத் தமிழில கேளும். சனம் சொல்லுறதை இங்கிலீசில சொல்லும்."

"அப்ப தண்ணி பரிசோதிக்கிற வேலை, மிஸ்?"

"அதை இவா செய்வா. மீட்டர் ஒண்டுதானே கிடக்குது."

என் பயிற்சி தொடங்கும் முன்னமே முடிந்துபோனது அப்படித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, மிஸ் இன்னொன்றையும் சொன்னார். அந்தப் பெண்ணின் பல்கலைக்கழகம் வருடாவருடம் இங்கிருந்து ஒரு மாணவரை அரை ஆண்டு அங்கே படிக்க எடுக்கிறதாம். "இவாவோட நல்லமாதிரி நடந்தீரெண்டால் உமக்கும் ஒரு வாய்ப்பிருக்கு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவள் கெட்டவள் இல்லை. கையால் சாப்பிடப் பழகினாள், ஓட்டுநர் அண்ணையோடு உடைந்த தமிழில் பகிடி விட்டாள், என் பையைத் தூக்க வந்தாள். பிடிக்காமல் போனதற்கு அதெல்லாம் காரணமே இல்லை. நான் பாடத்தில் படித்துவிட்டுத் தொட்டுப் பார்க்கக் காத்திருந்த மீட்டரை அவள் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, எண்ணை எழுதிக்கொண்டு, உடனேயே வீட்டுக்காரரின் பக்கம் திரும்பிவிடுவாள். அவளுக்குத் தண்ணீர் ஒரு சாட்டு. அவளுக்கு வேண்டியது கதை.

அவளுடைய ஆய்வு, மீளக் குடியேறிய மக்களின் வாழ்க்கை பற்றியது. கிணற்றில் தொடங்கி, மூன்றாவது கேள்வியிலேயே யுத்தத்துக்குள் போய்விடுவாள். யாரை இழந்தீர்கள். எங்கே இருந்தீர்கள். திரும்பி வந்து வீட்டைப் பார்த்தபோது எப்படி இருந்தது. இதையெல்லாம் நான் என் வாயால் தமிழில் கேட்கவேண்டும்.

சனத்துக்கு இது பழகிப்போன விசயம். வாகனம் வந்து நின்றதும் பிளாஸ்டிக் கதிரைகளைத் துடைத்துப் போடுவார்கள். யாராவது கடைக்கு ஓடிச் சோடா வாங்கி வருவார்கள். களப்பில் இறால் பிடிக்கிற ஒரு ஐயா, நான் வாயைத் திறக்கும் முன்பே கேட்டார்.

"போன மாசமும் ஒரு கூட்டம் வந்தது பிள்ளை. அவைக்குச் சொன்னதையே சொல்லட்டே, இல்லாட்டி இவாவுக்கு வேற ஏதும் வேணுமோ?"

அவர் பகிடியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அதையே சொல்லுங்கோ ஐயா," என்றேன். அவர் சொன்னார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் கண்ணைத் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவள் குனிந்து குனிந்து எழுதினாள். நான் சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டிருந்தேன். அதில் வந்த இரண்டு இடங்களின் பெயர் எனக்கும் தெரியும். அந்த வழியால்தான் எங்கள் குடும்பமும் நடந்தது. அப்போது நான் சின்னப் பிள்ளை. அதைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.

மூன்றாவது கிழமையில் கரையோரத்தில் ஒடுங்கிய மணல் ஒழுங்கை ஒன்றுக்குப் போனோம். அந்த ஒழுங்கை முழுவதுக்கும் ஒரேயொரு கிணற்றில்தான் நல்ல தண்ணீர் என்று சொன்னார்கள். மற்ற எல்லாக் கிணறும் உவர். அந்த நல்ல தண்ணிக் கிணறு இருந்த வளவுக்குச் சொந்தக்காரி ஒரு அக்கா. முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, பூநகரிக்குக் கலியாணம் முடித்து வந்தவர். சுவரில் மாதா படம் தொங்கியது. நாங்கள் போனபோது வேப்பமரத்தடியில் இருந்து நண்டு வலையில் சிக்குப்பட்ட பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கதிரை போடவில்லை. எழும்பவும் இல்லை.

"தண்ணிதானே பாக்க வந்தனீங்கள்? அங்க கிடக்குது கிணறு."

வெள்ளைக்காரப் பெண் மீட்டரை விட்டுப் பார்த்தாள். உப்பு மிகக் குறைவு. மகிழ்ச்சியோடு திரும்பி வந்து, மணலில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு என்னைப் பார்த்தாள். திரும்பி வந்து வீட்டை முதன்முதலாகக் கண்டபோது மனதில் என்ன தோன்றியது என்று கேட்கச் சொன்னாள். நான் கேட்டேன்.

அக்கா வலையைக் கீழே வைத்தார். அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"இதை நீ கேக்கிறியா, அவ கேக்கிறாவா?"

"அவாதான் அக்கா."

"உனக்கு எந்த இடம்?"

சொன்னேன். குளத்துக்குக் கீழே, குடியேற்றத்திட்டக் காணி, வயல்காரர் என்று.

"அப்ப நீயும் அந்த நேரம் இஞ்சதானே இருந்தனீ. அவவுக்குத் தெரியாது, கேக்கிறா. நீ ஏன் வாயைத் திறந்தனீ?"

பக்கத்தில் இருந்தவள், அவர் என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் நச்சரித்தாள். கண்கள் பளபளத்தன. ஏதோ பெரிதாக வருகிறது என்று நினைத்திருப்பாள்.

"கோடையிலும் இந்தக் கிணறு உவர்க்காதாம். அதுதான் இவாவுக்குப் பெருமையாம்," என்று அவளுக்குச் சொன்னேன்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே," என்றார் அக்கா தமிழில். பிறகு, நாங்கள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுடைய முகத்தை நேராகப் பார்த்து, ஆங்கிலத்தில் பேசினார். லெபனானில் ஒரு வீட்டுக் குசினியில் பழகிய ஆங்கிலம்.

"மிஸ், ஐ ஆல்சோ ஃபாரின். லெபனான். மேடம் ஆல்வேஸ் ஆஸ்க், ஆஸ்க். யுவர் ஹஸ்பண்ட் டெட், ஹௌ டெட். ஐ குக்கிங், ஷீ ஆஸ்கிங். யூ வான்ட் வாட்டர், டேக் வாட்டர். ஃபினிஷ். கோ."

அவள் முகம் சிவந்து போனது. எழும்பி, மணலைக்கூடத் தட்டாமல் வாகனத்துக்குப் போய்விட்டாள். ஓட்டுநர் அண்ணை வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

நான் கிணற்றடிக்குப் போனேன். அவள் விட்டுப்போன பெட்டிக்குள் மீட்டரோடு சின்னக் கண்ணாடிப் போத்தல்களும் இருந்தன. அவற்றில் தண்ணீர் விட்டு மூடி ஓரிரு நாள் வைத்தால், தண்ணீரில் மலக்கிருமி இருந்தால் கறுத்துவிடும். அவள் அந்தப் போத்தல்களைப் பயன்படுத்தியதே இல்லை. அக்கா சொன்னபடியே தண்ணீரை எடுத்தேன். எடுக்கும்போதுதான் அதைக் கண்டேன். கிணற்றுக்கு மேட்டுப் பக்கமாக ஒரு கழிவறை. வீட்டுத்திட்டத்தோடு கட்டிக் கொடுத்தது, சீமெந்து பூசி, நீலக் கதவு போட்டது. அதன் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு வாழைமரம் நிற்கத்தான் இடமிருந்தது. நிலமோ முழுக்க மணல்.

வாகனம் பரந்தன் சந்திக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"நீ எனக்குப் பொய் சொன்னாய், இல்லையா?"

"ஓம்," என்றேன்.

"இதுக்கு முன்னமும் சொன்னாயா?"

"இல்லை. முன்னமே சொல்லியிருக்க வேணும்."

அதற்குப் பிறகு நாங்கள் நண்பர்களாக நடிக்கவில்லை. அது இருவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கலாம். அவள் மிஸ்ஸிடம் போய் நடந்ததைச் சொன்னாள். மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

"உமக்கு மொழிபெயர்க்கிற வேலை தந்தது. புளுகுகிற வேலை தரேல்லை."

"நான் தண்ணி பாக்க வந்தனான், மிஸ்."

"தண்ணி பாக்கிறதெண்டால் உம்மட வீட்டுக் கிணத்தைப் பாரும். இஞ்ச வாறவைக்கு முன்னால எங்கட மானத்தை வாங்காதையும். இவை தாற திட்டத்திலதான் இந்த அலுவலகம் ஓடுது, தெரியுமோ?"

மீதிக் காலத்துக்கு என்னைக் களஞ்சிய அறையில் போட்டார்கள். குழாய்களும் தண்ணீர்த் தாங்கிகளும் அடுக்கிய தகரக் கொட்டில் அது. வெக்கை தாங்காது. போத்தலை நான் அங்கேதான் யன்னல் ஓரத்தில் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் காலை அது மை ஊற்றினதுபோல் கறுத்திருந்தது.

நான் அதைத் தூக்கிக்கொண்டு நேரே அவளிடம்தான் போனேன். வேறு யாருக்கு அது விளங்கும்? அவள் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என்மேல் இருந்த கோபம் போகவில்லை, ஆனால் பார்த்த விதத்தில் அவள் படித்தவள் என்பது தெரிந்தது. "ஒன்று போதாது," என்றாள். மறுநாள் ஓட்டுநர் அண்ணையை அனுப்பி, அதே கிணற்றிலிருந்து இரண்டும், அடுத்த வளவுக் கிணற்றிலிருந்து இரண்டும் எடுப்பித்தாள். அடுத்த வளவுத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அக்காவின் தண்ணீர் மறுபடி கறுத்தது.

இருவருமாக மிஸ்ஸின் மேசையில் போத்தல்களை வைத்தோம். மிஸ் அவற்றைத் தொடவில்லை.

"அந்தக் கழிவறையள் ஆர் கட்டினது தெரியுமோ? எங்களுக்குக் காசு தாற அதே ஆக்கள். நீங்கள் உப்பு அளக்கப் போனனீங்கள். உப்பு இருக்கோ? இல்லை. அப்ப நல்ல கிணறு எண்டு எழுதுங்கோ."

நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கு மிஸ் ஆங்கிலத்தில் மெதுவாக, நல்ல மரியாதையாகச் சொன்னார்: உன் ஆய்வு மக்களின் வாழ்க்கை பற்றியது, கிருமி பற்றியது அல்ல, பயிற்சியை நல்லபடி முடித்ததாக நான்தான் கையெழுத்து வைக்க வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த கிழமை அவளுக்கு விமானம். போகும்போது என் கையைப் பிடித்து, "நீ சொல்வது சரி," என்றாள். சரியென்றால் உள்ளே வைத்துச் சொல்லியிருக்கலாம். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு, ஒரு சனிக்கிழமை, நான் தனியாகப் பூநகரிக்குப் பேருந்து ஏறினேன். அந்தப் பக்கத்துக்குப் பேருந்து குறைவு. சந்தியில் இறங்கி, வெயிலில் நெடுந்தூரம் நடந்துதான் ஒழுங்கைக்குப் போனேன். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கிணற்றடியில் மூன்று நான்கு பெண்கள் குடங்களோடு நின்றார்கள். அக்கா என்னைக் கண்டதும் படலையைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே கேட்டார்.

"இண்டைக்கு ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தனீ?"

"ஒருத்தரையும் இல்லை அக்கா. உங்கட தண்ணி சரியில்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"என்ன, உப்போ?"

"உப்பில்லை. கழிவறைக் குழியில இருந்து ஊறுது. கிருமி கிடக்குது. காய்ச்சாமல் குடிக்காதேங்கோ. பிள்ளையளுக்கு வயித்தோட்டம் வாறேல்லையே?"

நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் கிணற்றடியில் நின்ற பெண்களுக்குக் கேட்டுவிட்டது. ஒருத்தி தன் குடத்தை மெல்லச் சரித்துத் தண்ணீரை வாழையடியில் ஊற்றினாள். அந்தச் சத்தத்துக்கு அக்கா திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அந்த ஒழுங்கையில் அவருக்கு இருந்த ஒரே பெருமை அந்தக் கிணறு. கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் அவருடைய வளவுக்குத்தான் சனம் வரவேண்டும்.

"என்ர கிணத்துக்க பீ கிடக்குது எண்டு சொல்லுறியோ?" குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. "அண்டைக்கு அவவைக் கூட்டிக்கொண்டு வந்து என்ர செத்தவீட்டைக் கிண்டினாய். இண்டைக்கு என்ர கிணத்தைக் கிண்ட வந்திட்டாய். உங்கட ஆக்கள்தானே குழியை இதில வெட்டச் சொன்னவை! நான் வேண்டாமெண்டு சொன்னனான். கையெழுத்து வைக்காட்டி வீடு இல்லை எண்டவை. போ! இஞ்ச நிக்காதை, போ!"

அதற்குமேல் நான் நிற்கவில்லை. சந்திக்கு நடந்து வந்து, பேருந்துக்குக் காத்திருந்த நேரம் முழுக்க எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அக்காமேலும்தான். உண்மையைக் கொண்டுபோனவளை நாயைக் கலைக்கிறமாதிரிக் கலைக்கலாமா என்று. அவர் கலைத்ததில் நியாயம் இருந்ததும் எனக்குத் தெரிந்தது. அது ஆத்திரத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போனேன். நல்ல மனுசர், ஆனால் வேலைப்பளுவில் எரிச்சல் பிடித்தவர். "எல்லாரும் இஞ்ச வந்துதான் சொல்லுறியள்," என்று சினந்தார். சினந்துகொண்டே மோட்டார் சைக்கிளை எடுத்தார். அவர் போய்த் தானும் தண்ணீர் எடுத்து அனுப்பினார். கிணற்றுக்குக் குளோரின் போட்டு, குழியை மூடி வேறிடத்தில் வெட்டும்வரை காய்ச்சாமல் குடிக்கக்கூடாது என்று படலையில் அறிவித்தல் ஒட்டினார். குழியை வெட்டிக் கொடுக்க ஒருவரும் வரவில்லை.

என் பயிற்சிக்கு மிஸ் மிகக் குறைந்த புள்ளி போட்டார். ஒத்துழைக்கத் தெரியாதவள் என்று ஒரு வரி. அதற்கு முன்னமே வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தபடியால் நேர்முகத்துக்கு மட்டும் கூப்பிட்டார்கள். வவுனியாவில் ஒரு விடுதி மண்டபம். குளிரூட்டி போட்டிருந்தது. அவளுடைய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் இரண்டு பேர், உள்ளூரில் இருந்து ஒருவர், அவருக்குப் பக்கத்தில் மிஸ். நரைத்த தாடி வைத்த பேராசிரியர் அன்பாகத்தான் தொடங்கினார். நீங்கள் வன்னியில் வளர்ந்தவர் என்று அறிகிறோம், யுத்தம் உங்களை எப்படி மாற்றியது என்று சொல்லுங்கள், என்றார்.

எனக்கு முன்னால் உள்ளே போய்வந்தவர்கள் யுத்தம் நடக்காத கண்டியில் இருந்தும் மாத்தறையில் இருந்தும் வந்தவர்கள். அவர்களிடம் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டிருந்தார்கள். வெளியில் வந்து சொன்னார்கள்.

"அது இந்தப் படிப்புக்குத் தேவையா?" என்று கேட்டேன்.

அவர் தடுமாறினார். கட்டாயம் இல்லை, உங்களை அறிந்துகொள்ளத்தான், என்றார்.

"அப்படியென்றால் ஒரு கிணற்றைப் பற்றிச் சொல்கிறேன்," என்று தொடங்கி, மணல் நிலத்தில் குழி எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், அங்கே எவ்வளவு கிட்ட இருந்தது, போத்தல் எத்தனை தடவை கறுத்தது, அதை யார் எழுதவேண்டாம் என்றார்கள் என்பது வரைக்கும் சொன்னேன். மிஸ் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். தாடிக்காரப் பேராசிரியர் எதையோ எழுதினார். மற்றவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நன்றி என்றார்கள்.

மண்டபத்துக்கு வெளியே மிஸ் பின்னால் வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"நீர் கெட்டிக்காரி எண்டு நினைப்போ? உமக்குப் பிறகு வாற பிள்ளையளுக்கும் கதவை அடிச்சுச் சாத்திப்போட்டீர்."

"அது எப்ப திறந்து கிடந்தது, மிஸ்?"

அவர் என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். அந்த இடம் மாத்தறைப் பெடியனுக்குக் கிடைத்தது. அவன் கெட்டிக்காரன், அதில் எனக்கு வழக்கு இல்லை. என் வகுப்பில் இருந்த இரண்டு பேர், அடுத்த வருடம் எங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்து அந்த நிறுவனத்துக்கு யாரையும் எடுக்காதது என்னால்தான் என்று இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

பட்டம் முடிந்த பிறகு வவுனியாவில் தண்ணீர் பரிசோதிக்கிற ஆய்வுகூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. பயிற்சிக்கு வருகிற மாணவர்கள் என்னைக் கண்டால் ஒதுங்குவார்கள். கடுகடுப்பான ஆள் என்று பெயர். மீட்டரை நான் அவர்கள் கையில்தான் முதலில் கொடுப்பேன். அதன் பிறகுதான் ஏசுவேன்.

போன வருடம் ஒருநாள் யாழ்ப்பாணத்தில் ஒரு செத்த வீட்டுக்குப் போய்விட்டுப் பூநகரி வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். பேருந்தில் சனம் நிறைந்து நின்றது. பூநகரிச் சந்தியில் அந்த அக்கா ஏறினார். கையில் மீன் பை. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நான் எழும்பி என் இருக்கையைக் கொடுத்தேன். அவர் இருக்கவில்லை. நான் திரும்ப இருக்கையில் இருந்ததும், கம்பியைப் பிடித்தபடி என்னைக் குனிந்து பார்த்தார்.

"எப்பிடி அக்கா, தண்ணி காய்ச்சித்தானே குடிக்கிறியள்?"

"காய்ச்சத்தான் வேணும். விறகு நீ கொண்டந்து தருவியோ?"

"குழியை மாத்தித் தரேல்லையோ?"

"ஆர் தாறது? நாங்களே வெட்டினம். என்ர மனுசன்ர தம்பியும் நானும். பழைய குழியை மண் போட்டு மூடியாச்சு. ஆனாச் சனம் வாறேல்லை. ஒருக்காப் பீக்கிணறு எண்டு பேர் எடுத்தால் எடுத்ததுதான்."

"இப்ப ஒருக்காப் பரிசோதிச்சால், சுத்தம் எண்டால், நான் வந்து எல்லாருக்கும் முன்னால சொல்லுறன் அக்கா."

பேருந்து குலுங்கியது. மீன் பையிலிருந்து என் சப்பாத்தில் தண்ணீர் சொட்டியது. அவரும் அதைக் கண்டார், பையை நகர்த்தவில்லை.

"நீ ஒண்டும் வரவேண்டாம்," என்றார். "போத்தலை மட்டும் ஆரிட்டையும் குடுத்து அனுப்பு. தண்ணி எடுத்துத் தாறன்."

பரந்தனில் அவர் இறங்கிக்கொண்டார். அடுத்த நாள் வேலைக்குப் போனதும் நான்கு போத்தல்களைக் கடதாசியில் சுற்றி, பூநகரிப் பக்கம் போகிற ஒரு சாரதியிடம் கொடுத்துவிட்டேன். அந்தக் கிழமைக்குள்ளேயே நிரம்பி வந்தன. இரண்டு நாள் வைத்துப் பார்த்தும் நாலும் தெளிவாகவே இருந்தன. முடிவை எழுதி, முத்திரை குத்தி, அவருக்கு அனுப்பினேன். மறுமொழி ஒன்றும் வரவில்லை.